படத்தில் யார் கை

ஜூன் 3, செவ்வாய்
முப்பத்துமூன்றாம் வாரம். பிரஷர் 142/92, யூரிக் ஆசிட் 6.4. ரெண்டும் சேர்ந்து ஏறுவதுதான் கவலை என்றார் டாக்டர். தினமும் காலையில் வீட்டிலேயே பிரஷர் பார்த்து, மெஷினைப் படம் எடுத்து நர்ஸ் அமலராணி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். 150 தாண்டினால் அட்மிஷன்.

அட்மிஷனா? பதினைந்தாம் தேதி எனக்கு வளைகாப்பு!

ஜூன் 5
அத்தைக்கு யூரிக் ஆசிட் என்றால் தன் அண்ணன் சவுரிமுத்துவின் வீங்கிய கால் கட்டைவிரல்தான். அவருக்கு ஆகாத ஈரல், நெத்திலி எல்லாம் எனக்கும் தடை. கட்டைவிரல் வலிக்கிறதா என்று மணிக்கொரு தடவை கேட்கிறார். வலிப்பது தலை.

ஜூன் 9
148/96. அனுப்பினேன். மாத்திரையைக் கூட்டினார்கள்.

ஜூன் 12
152/98. அனுப்பவில்லை. என் வீட்டுக்காரன் ஸ்டெபின் கையில் மெஷின் பட்டையைச் சுற்றினேன். 118/76. அதை அனுப்பினேன். படத்தில் யார் கை என்றா தெரியப்போகிறது? "தப்பு ஜெரூ" என்றான். தப்புதான். மூணே நாள். முடிச்சூர் சர்ச்சில் பாதிப் பேரைக் கூப்பிட்டாச்சே, என்ன பண்றது?

ஜூன் 14, சனி
நாசமாப் போச்சு.

ஏழு வகைச் சோறு முடியாது, அஞ்சுதான் என்று சமையல்காரர் காலையில் போன். ஸ்டெபின் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே கையை நீட்டினான். பட்டையைச் சுற்றிவிட்டு நான் குளிக்கப் போனேன். படம் எடுத்து அவனே அனுப்பிவிட்டான். 164/104.

"அனுப்பச் சொன்ன, அனுப்பினேன். பாக்கச் சொன்னியா?"

அமலராணி அக்கா உடனே கூப்பிட்டார். "பைய எடுத்துகினு கிளம்பும்மா. இப்பவே."

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்டில் என் கையில் பட்டையைச் சுற்றியதும் அழுது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. மெஷினைத் திருப்பிக் காட்டினார். 172/110.

"உன் வீட்டுக்காரருக்குக் கோவம் வரலன்னா, நாளைக்கு நீ வளையல் போட்டுகினு ஒக்காந்திருப்ப. புள்ள என்னாவும்?"

புள்ள என்னாவும்? அதை நான் ஒரு நாளாவது கேட்டேனா?

ஜூன் 15
வளைகாப்பு வார்டில். இடது கையில் டிரிப்ஸ், அதனால் வலது கைக்கு மட்டும் வளையல். பத்து நிமிடத்தில் அமலராணி அக்கா கழற்றிவிட்டார். அத்தை என் கட்டைவிரலுக்குத் தைலம் தடவினார். எலுமிச்சைச் சோறு நர்ஸ்களுக்குப் போனது.

ஜூன் 17
ஆபரேஷன். பெண். 1.9 கிலோ. அழுதாள். ஸ்டெபின் அவளைவிட அழுதான்.

ஜூலை 8
ஸ்டெபினையும் செக்கப்புக்கு அனுப்பினார்கள், அவனுக்கும் மாத்திரை. வீட்டில் ஊறுகாய் யாருக்கும் கிடையாது. அமலராணி அக்கா என்னை இன்னும் நம்பவில்லை: மெஷின், கை, முகம் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டுமாம்.

இன்று 126/82. மூன்றும் வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னக் காலும்.