கிரேக்கத்தைக் காத்திருக்கச் சொன்னபோது

நோத்ர-டாம்-த-கிரேஸ்
07.03.2004

அன்புள்ள அக்கா,

நலமா? லக்ஷனுக்குப் பல் முளைத்துவிட்டதா? இரண்டு பஸ் ஏறினால் உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம். ஆனாலும் முத்திரை ஒட்டுகிறேன். தொலைபேசி அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் கேட்காததுபோல் எல்லாம் கேட்பார்.

என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு ஏப்ரல் 30ஆம் திகதி. மூன்று பேராசிரியர்கள் முன்னால், அதுவும் பிரெஞ்சில், நாற்பது நிமிடம் பேச வேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி கேட்கவே எனக்கு நா வறளும். இந்த விசயமே தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பழகும்படி மேற்பார்வையாளர் சொன்னார். அதனால் அப்பாவுக்குத் தமிழில் சொல்கிறேன். சென்ட் லோரன்ட் வெயார்ஹவுஸ் வேலையால் வந்து, தேத்தண்ணியோடு இருந்து கேட்கிறார். கிரேக்கம், ஸ்பெயின், போர்த்துக்கல் மூன்றிலும் எழுபதுகளின் நடுவில் சர்வாதிகாரம் போய் மக்களாட்சி வந்தது. மூன்றும் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர விண்ணப்பித்தன.

"எத்தினை வருசம் பாத்திருக்க வைச்சவங்கள்?"

"ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் எட்டு வருசத்துக்கு மேலை."

"என்ன பிழை செய்தவங்கள்?"

"ஒண்டுமில்லை அப்பா. ஸ்பெயின் பழமும் வைனும் மலிவா வந்தால் தங்கட பிழைப்புப் போயிடும் எண்டு பிரெஞ்சுக் கமக்காரர் பயந்தவை."

அப்பா சிரித்தார். "அப்ப கொள்கை இல்லை. தோடம்பழம்தான்."

உங்கள் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். கோயிலில் ஐயரை வைத்து டிலான் அத்தான் மறுபடி தாலி கட்டினால்தான் உங்களோடு போக்குவரத்து என்பதில் இன்னும் நிற்கிறார். மூன்று வருடமாகிறது அக்கா. ஒரு காலை நேரம்தானே, விட்டுக்கொடுக்க முடியாதா?

உங்கள் அன்புத் தங்கை
லோஜினி


புவாண்ட்-கிளேர்
19.03.2004

அன்பின் லோஜி,

இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடிக்கவும் தொடங்கிவிட்டான். அப்பாவின் பேரன் அல்லவா.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்தேன். "மாமாக்குச் சந்தோசம் எண்டா நான் மூணு தரமும் கட்டுறன்" என்கிறார். நான் மாட்டேன். மட்டக்களப்புக் கத்தோலிக்கரைக் கட்டியதுதான் என் குற்றம். தேவாலயத்தில் யோசெப் சுவாமியார் முன்னால் நான் சொன்ன சொல் சொல்தான். இன்னொரு முறை கட்டினால் முதல் கல்யாணம் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்னொன்று. நான் விண்ணப்பம் போட்ட நாடு இல்லையடி. சர்வாதிகாரத்தில் இருந்து வந்தவள் என்றால் ஓம், அந்தச் சர்வாதிகாரிக்குத்தான் நீ தேத்தண்ணி ஊற்றுகிறாய். எனக்காக வாதாடாதே. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் பெற்றவள் நீ. உன் சோதனையைப் பார்.

அக்கா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
12.04.2004

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஏசிய பிறகு நான் வாதாடவில்லை. ஆனால் கிரேக்கத்தை விட முடியாது, அது என் மூன்றாம் அத்தியாயம். கிரேக்கம் இன்னும் ஆயத்தமில்லை, சில வருடம் வெளியில் நின்று பழகட்டும் என்று 1976 தையில் ஐரோப்பிய ஆணைக்குழு கருத்துச் சொன்னது. அடுத்த மாதமே உறுப்பு நாடுகளின் மந்திரிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். வெளியில் விட்டால் புதிய மக்களாட்சி தளர்ந்துபோகும் என்று அவர்களுக்குப் பயம். 1981இல் சேர்த்தார்கள்.

"எல்லாத்தையும் திருத்திப்போட்டு வா எண்டு சொல்லேல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"சிலதை உள்ளுக்கை வந்து திருத்தலாம் எண்டு தவணை குடுத்தவை."

"அது பிழையாப் போகேல்லையோ?"

"அதிலை ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கினம் அப்பா. ஆனால் ராணுவ ஆட்சி திரும்பி வரேல்லை."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். "உந்தப் படிப்பு உனக்கு வாயைத் தந்திட்டுது" என்று அம்மா முறைத்தார். நான் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

தேர்வை யாரும் வந்து பார்க்கலாம். அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன். பிறகு நான் ஒளித்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

லோஜி


புவாண்ட்-கிளேர்
02.05.2004

அன்பின் லோஜி,

நீ பாஸ் என்று எனக்குச் சொன்னது அப்பா.

லக்ஷனுக்குக் காய்ச்சல், அதனால்தான் வெள்ளிக்கிழமை வர முடியவில்லை. நேற்று மத்தியானம் மணி அடித்தது. அப்பா தந்திக்காரரைப் போல வாசலில் நின்றார். "லோஜினி பாஸ் பண்ணீட்டாள். சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்." பிறகு, "கடைசிக் கேள்விக்குக் குரலை உயத்திப் பதில் சொன்னவள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனாச் சரியாத்தான் சொன்னவள்" என்றார்.

சாப்பாட்டு நேரம். கோபமுள்ள வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைக்கமாட்டார்கள். ஞானேந்திரன் சித்தப்பா வீட்டில் பதினொரு வருடம் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் இவர். நான் கூப்பிடப் பயந்து நின்றேன். அத்தான்தான், "மாமா, மீன் குழம்பு. கையைக் கழுவுங்க" என்றார்.

அப்பா சப்பாத்தைக் கழற்றினார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். கோயிலைப் பற்றி நானே கேட்டேன்.

"உதைப் பேந்து ஆறுதலாக் கதைப்பம். பிள்ளைக்குக் காயுது, இஞ்சை தா."

நான் குசினிக்குள் போய் அழுதேன். போகும்போது கொஞ்சக் குழம்பைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா தொட்டாரா? உடனே எழுது.

அக்கா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
06.05.2004

அன்புள்ள அக்கா,

அன்றைக்குத் தொடவில்லை. பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் காலை பாணோடு சாப்பிட்டுக்கொண்டு நின்றதைக் கண்டேன். "புளி கூடிப்போச்சு" என்றார். முழுவதையும் சாப்பிட்டார்.

நேற்றுப் பெட்டியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று எடுத்தேன். பறித்துக்கொண்டார்.

"வெறும் பெட்டியை ஆரும் திருப்பிக் குடுக்கிறதோ?"

இன்று காலையில் இருந்து பயத்தம் பணியாரம் சுடுகிறார். பெட்டி நிறைந்து, இப்போது பெரிய டின் ஒன்றும் நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை தானே கொண்டு வருவாராம்.

லோஜி