நீ வராத ஞாயிறு, ஏரிக்கரையில்

என் அறைத்தோழனாக ஓசூருக்கு வந்து, என் தங்கை செல்வியைக் கட்டி, எனக்கு மாப்பிள்ளையாகிப்போன கதிரேசா,

எங்கே இருக்கிறாய்? அங்கேயும் விடியுமுன் எழுந்து பைனாகுலரைத் துடைக்கிறாயா? இங்கே மார்கழிப் பனி. மத்திகிரி டவுன் பஸ்கூட விளக்கைப் போட்டுக்கொண்டு மிதந்துதான் வருகிறது.

வாரம் முழுக்க பிளான்ட்டில் நின்றுவிட்டு, லீவு நாளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவாயே, நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபின், ஞாயிறுகளில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிடலாம் என்று தலைமையாசிரியை முடிவெடுத்தார். செல்விதான் கேட்டாள்: "அவரு போயிட்டாரு. அதுவும் போயிரணுமாண்ணே?"

தலைமையாசிரியையிடம் போய்க் கெஞ்சினேன். "ஒரு வாரம் பாருங்க. பிள்ளைங்க சும்மா சுத்திட்டு வந்தாங்கன்னா அதோட நிறுத்திக்கலாம்" என்றார்.

காக்கையையும் கொக்கையும் விட்டால் எனக்கு என்ன தெரியும்? தெரிந்தது சேஃப்டி மட்டும்தான். நாலுவழிச் சாலை வேலைக்கு லாரிகள் பறக்கிற பாதை, பனி வேறு. பிளான்ட்டிலிருந்து மினுக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை இரவல் வாங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டேன். கரையில் ஏறியதும் ஏரியே எழுந்து பறந்ததுபோல் ஒரு சடசடப்பு. பிறகு ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. சிரிக்காதே மாப்ளே, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பறவைகளை மிரட்டி விரட்டிய அந்த ஜாக்கெட்டுகளைக் கழற்றச் சொல்லி எல்லோரும் உட்கார்ந்தோம். எதிர்க்கரைப் பண்ணையிலிருந்து மாடுகளின் குரல் மட்டும் வந்தது, மாடுகளைக் காணோம். நேரம் போனதா, நின்றதா, தெரியவில்லை.

முன்னால் ஒரு பெண் சத்தமில்லாமல் கையைத் தூக்கினாள். பிறகு பக்கத்துப் பிள்ளை. "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றேன்.

"ஷ்... கத்தாதீங்க சார். பறவை தெரிஞ்சா கைதான் தூக்கணும். அந்த சார் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு."

பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. "கொக்கரே" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தான் ஒருவன். "கொங்க" என்றாள் தெலுங்குப் பிள்ளை. கொக்குதான் என்று நான் முடித்துவைத்தேன்.

"கொக்கு இல்லண்ணே, நத்தைகுத்தி நாரை. அலகு நடுவுல இடைவெளி தெரியுது பாருங்க."

செல்வி! நீ போனதிலிருந்து வாசல் தாண்டாதவள், பிள்ளைகளுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தேன். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவள் கையும் மேலே இருந்தது. வீட்டில் அவளிடம் பறவைகளைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறாய் நீ!

திங்கட்கிழமை பிள்ளைகள் நாரைக் கதை சொல்லிப் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியை ஸ்பெஷல் கிளாஸ் பேச்சையே விட்டுவிட்டார். "தொடர்ந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இனி பிளான்ட்டில் ஞாயிறு ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்கமாட்டேன், சத்தியம். செல்வி முன்னால் நடந்து பறவை காட்டுவாள். பிள்ளைகளோடு பிள்ளையாக நான் பின்னால் வருவேன்.

உன் செல்விக்கு அண்ணனும்
உனக்கு மச்சானுமான
முருகன்