விளிம்புக்குக் கீழே நடந்தது

சங்கரன்கோவில்,
16-2-1984.

கர்த்தருக்குள் அன்பான சத்தியநாதனுக்கு, ஞானையா எழுதிக்கொள்வது. உன் அம்மா எழுந்து நடக்கிறார்கள். நேற்று இரண்டு வாய் கஞ்சி குடித்தார்கள். அந்தப் பனிமலையில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஜெபிக்கிறேன்.

உன் தங்கச்சி ஞானசெல்வி இறந்ததற்குத் தந்தியில் இரண்டு வரிதான் அடித்தோம். மீதி இதில் இருக்கிறது. என் கையெழுத்து உனக்குத் தெரியும். வேதப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டியவன். எப்போதும் செல்லப்பாவிடம் சொல்லித்தான் எழுதவைப்பேன். இதை அவனிடம் சொல்ல முடியாது. மூன்று நாளாக நானே எழுதுகிறேன்.

ஆடு மேய்த்த காசி பாறையில் மாட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்கக் கத்தி, ஊரே பார்க்க விழுந்து செத்த வருஷம் நீ லீவில் வந்தாய். தூத்துக்குடி போய்த் துறைமுகத்து நைலான் கயிறு வாங்கிவந்து, பாறையில் மாட்டியவனைக் கயிற்றில் தூக்கப் பட்டாளத்தில் படித்ததை எங்கள் ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தாய். நீ போன பிறகும் ஒரு ஞாயிறு விடவில்லை. ஆராதனை முடிந்ததும் பாறைதான். அடிபட்டவனாக உட்காருவது எப்போதும் செல்லப்பா. அக்குளில் கயிற்றைச் சுற்றினால் அவனுக்குக் கூச்சம். "ஏலே, அடிபட்டவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுத மொத கூட்டம் நீங்கதாம்ல" என்று நெளிவான். மேலே இழுக்கிறவர்கள் சிரித்துக் கயிற்றை விட்டுவிடுவார்கள் என்று அவன் வாயில் துண்டைத் திணித்துத்தான் தூக்குவோம். எல்லாம் கற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்கள் செவலை ஆட்டின் குட்டி பாறைச் சரிவில் இறங்கிவிட்டது. அதைப் பிடிக்கப் போன செல்வி சறுக்கி, துருத்திய விளிம்புக்குக் கீழே உள்ள திட்டில் விழுந்து கிடந்தாள். குட்டி தானாகவே ஏறி வந்துவிட்டது. இப்போது உங்கள் வீட்டுக் கொல்லையில்தான் கட்டிக்கிடக்கிறது. மற்ற ஐந்து பேரும் மேலே பிடிக்க, நான் இறங்கினேன். நீ சொன்னபடி கயிறு சரி, முடிச்சு சரி.

திட்டு இரண்டு முழம் அகலம். அவளுக்கு வலது கை ஒடிந்திருந்தது. "அம்மா ஏசுவாளாண்ணே" என்றுதான் முதலில் கேட்டாள். பின்னால் நின்று, இரண்டு கையையும் அவள் அக்குளுக்குள் விட்டு, நெஞ்சைச் சுற்றிக் கட்ட வேண்டும். செல்லப்பாவுக்கு நூறு தடவை கட்டியவன். அவளைக் கட்ட எனக்குக் கை போகவில்லை. திருவேங்கடத்து மாப்பிள்ளை வீட்டில் மே மாதம் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் என்று நினைத்தேன். கயிற்றில் வளையம் போட்டுக் கையில் கொடுத்து, "நீயே தலைவழியா மாட்டிக்கோம்மா, நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன்" என்றேன்.

"அண்ணே, கை எழும்ப மாட்டேங்கு, நீங்க கெட்டுங்க" என்றாள்.

"பைய மாட்டும்மா" என்று சொல்லி முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

விளிம்புக்குக் கீழே நடப்பது மேலே நிற்கும் யாருக்கும் தெரியாது சத்தியநாதா. நான் தொட்டிருந்தாலும் ஒருவரும் பார்த்திருக்க முடியாது. அது அப்போதே எனக்குத் தெரியும்.

கயிறு நழுவிவிட்டது என்று சொன்னேன். நம்பினார்கள். அடக்கத்தன்று மாப்பிள்ளையின் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் அம்மா, "எம்மவன் இருந்தாலும் இதத்தான்யா செஞ்சிருப்பான்" என்று சொல்லி எனக்குச் சோறு போட்டார்கள். தின்றேன். ஞாயிற்றுக்கிழமை பயல்கள் கயிற்றோடு வந்து கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். வாசல்வரை போய்ப் போய்த் திரும்புகிறேன். 'போய்ச் சொல்' என்று ஒரு கார்டு போடு. வந்த அன்றே சொல்லிவிடுவேன். பிறகு அவர்கள் என்னை என்ன செய்தாலும் சரி. கர்த்தர் உன்னைக் காப்பாராக. 'வேண்டாம், விட்டுவிடு' என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
ஞானையா.