கிழக்கு முனையில் நட்ட கல்

திருத்தங்கல்
கார்த்திகை, 2006

அன்பு மகன் பாலகுருவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி பொன்மணியும் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன வாரம் போனில், நம் தெருவை அடைத்துவிட்டார்களாமே என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கு யார் என்ன சொன்னார்களோ, அதனால் நடந்ததை நானே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நீ போகும்போதே தெரு இருந்த இருப்பு உனக்குத் தெரியும். கடைத்தெரு நெரிசலிலிருந்து தப்பிக்க அச்சாபீஸ் லோடு லாரியெல்லாம் நம் தெருவுக்குள் புகுந்துதான் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போகும், அதில் தார் இருந்த அடையாளமே போய் பள்ளமும் புழுதியுமாகக் கிடந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் முத்துக்கிருஷ்ணன் முதலாளி அச்சாபீஸ் லாரியில் பேப்பர் பண்டல் ஏற்றிக்கொண்டு வந்தது உன் அப்பாதான். மெதுவாகத்தான் வந்தார், நானே வாசலில் நின்று பார்த்தேன். சாக்கடை மேல் மூடியிருந்த கல் பின்சக்கரத்துக்கு அடியில் உடைந்து, லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பண்டல் சரிந்து, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாடத்தி பெரியம்மா மேல் விழுந்துவிட்டது. அப்பாதான் குதித்து இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடினார். மதுரைக்குக் கொண்டுபோய்க் காலில் கம்பி வைத்தார்கள். டிரைவர் மேல் தப்பில்லை என்று பெரியம்மாவே போலீசிடம் சொல்லிவிட்டாள், ஆனாலும் அப்பா அதற்குப் பிறகு பெரியம்மா வீட்டு வாசலைத் தாண்டமுடியாமல் பின்சந்து வழியாகவே வேலைக்குப் போய்வந்தார், தட்டில் போட்ட சோற்றைப் பாதிக்கு மேல் தொடுவதில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது, இன்றைக்கு இவர் லாரி, நாளைக்கு இன்னொருவர் லாரி, தெரு திறந்திருக்கிறவரைக்கும் இது நிற்காது. என்னோடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற நம் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய், தெரு முனையில் கல் நட்டு லாரியை நிறுத்தச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். அன்றைக்குக் கிளம்பும்போது அப்பா வழியை மறித்துக்கொண்டு, "தெரு முனையில கல்ல நட்டா அது என் பேரச் சொல்லிக்கிட்டேல்ல நிக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். இருந்தாலும் நான் பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மனுவை விசாரிக்க நகராட்சி என்ஜினியர் வந்தார். விஷயம் தெரிந்து முதலாளியும் வந்துவிட்டார், தெருவே கூடிவிட்டது. என்ஜினியர் நல்ல மனுஷன்தான், புதுசாகத் தார் போட்டுத் தந்தால் போதுமே, அடைப்பானேன் என்றார். நான், "சார், புதுசாப் போட்டா இன்னும் வெரசால்ல வருவாக. எங்களுக்கு ரோடு வேணும், லாரி வேண்டாம்" என்றேன். முதலாளி சும்மா இருப்பாரா, காலண்டர் சீசனில் சுற்றிப்போனால் லோடு போய்ச்சேராது, அதுவும் இல்லாமல் நாளைக்கே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும் என்று கேட்டார். தீ என்றால் பட்டாசும் தீப்பெட்டியுமாக இருக்கிற நம் ஊரில் எல்லோரும் வாயடைத்துப்போவார்கள் இல்லையா. எனக்கும் அதுதான் முதல் கவலையாக இருந்தது, அதனால் முன்பே யோசித்து வைத்திருந்தேன். ஸ்டேஷன் ரோட்டைத் தொடுகிற கிழக்கு முனையில் மட்டும் கல் நட்டால் போதும், மேற்கு முனை அகலமானது, எந்த வண்டியும் உள்ளே வந்து திரும்பிப்போகலாம், ஆனால் குறுக்கே ஊடுருவிப் போகமுடியாது என்று சொல்லி என்ஜினியரை நடத்திக்கூட்டிப்போய்க் காட்டினேன்.

அவர் யோசித்துவிட்டு, லாரி ஓட்டுகிறவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டார். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றிருந்தார். அப்போது வாசலில் கட்டிலில் கிடந்த மாடத்தி பெரியம்மா சத்தமாக, "ஏலே சங்கிலிமுத்து, இங்கன வா" என்று கூப்பிட்டாள். அப்பா பக்கத்தில் போனதும் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அடிச்சது இந்தத் தெருவு, நீயில்ல. மொதக் கல்ல நீ நடுலே" என்றாள். அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது முதலாளியைப் பார்த்து, "நான் சுத்தியே போயிக்கிறேன் மொதலாளி. இந்தத் தெருவுக்குள்ள இனிமே லோடு கொண்டாரமாட்டேன்" என்றார். வேலை போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். முதலாளி பெரியம்மாவின் காலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், காரில் ஏறிப்போய்விட்டார். மறுநாள் வழக்கம்போல லாரிச் சாவியைக் கொடுத்துச் சுற்றிப்போகச் சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி அடைமழை விட்டதும் கல் நட்டார்கள், முதல் கல்லுக்குக் குழி தோண்டியது அப்பாதான். சாக்கடைக்குப் புது மூடி போட்டாயிற்று, தார் போடும் வேலையும் நடக்கிறது. இதில் ஒச்சப்பன் டீக்கடைக்குத்தான் கஷ்டம், லாரிக்காரர்கள் நின்று குடித்துக்கொண்டிருந்த வியாபாரம் போய்விட்டது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்பா மட்டும் தினமும் லாரியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு அவர் கடைக்கு நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறார். வரும்போது பெரியம்மா வீட்டைத் தாண்டி முன்வாசல் வழியாகத்தான் வருகிறார்.

பெரியம்மா இப்போது கம்பு ஊன்றி நடக்கப் பழகுகிறாள். உன்னைக் கேட்காத நாளில்லை, அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது. வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே, ராத்திரி வேளை ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் சோறு ஆக்கிச் சாப்பிடு. அப்பாவிடம் போனில் விபத்தைப் பற்றிக் கேட்காதே, கல் நட்டதைக் கேள், சந்தோஷமாகச் சொல்வார். மாரியம்மன் உன்னை எந்தக் குறையும் வராமல் காப்பாற்றுவாள், நீ நூறாயுசு நல்லா இருக்கவேண்டும். பொங்கலுக்கு வரும்போது ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள், ஸ்டேஷனில் இருந்து வருகிற ஆட்டோ இனி நம் வாசல்வரைக்கும் வராது. கிழக்கு முனையில் இறங்கிக்கொள். பெட்டியைத் தூக்க அப்பா வருவார், இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்காமல் நடுத்தெருவிலேயே நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரான அம்மா
ச. குருவம்மாள்