பன்னிரண்டில் ஒன்று

இன்று மதியம் நம் துறையின் இரும்பு பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தேன். கணிதத் துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய நிகழ்தகவுப் புத்தகம் ஒன்றைத் தூசி போக உதறியபோது உள்ளிருந்து ஒரு அட்டை நழுவித் தரையில் குப்புற விழுந்தது. பச்சை நிறப் பின்பக்கம். அதில் தங்க எழுத்தில் பாதி வெட்டுப்பட்ட நிக்காஹ் அழைப்பு. புரட்டுவதற்கு முன்பே நீ செய்தது என்று தெரிந்துவிட்டது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் உன் கையெழுத்து: க்ளாவர் ஏழு. மூக்கருகே கொண்டுபோனேன். அத்தர் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பீரோவைத் திறந்தபடியே போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? 'நன்றாகக் கலைக்கப்பட்ட ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது' என்று தொடங்கும் கணக்கை நீ வகுப்பில் நடத்தப் போனாய். சீட்டுக்கட்டைக் கையால் தொட்டவர்கள் யார் என்று கேட்டாயாம். மூன்று பேர் கை தூக்கினார்களாம். மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை, கல்லிடைக்குறிச்சி என்று எங்கிருந்து வந்த பிள்ளையானாலும் சரி, வீட்டில் சீட்டை உள்ளே விட மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே அத்தனை பேரும் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள். ஒரு கட்டில் எத்தனை ராணி என்று நீ கேட்டதற்கு, "ஒண்ணுதான் மிஸ், ராஜாவுக்கு ஒரு ராணிதானே" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பிறகு உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னத்தைக் கண்டுட்டி நாம பாடம் நடத்துதோம்? இதுக எல்லாம் பார்க்காத பொருளுக்குக் கணக்கு போடுதுக."

உன் வீட்டிலும் அதே கதைதான். "எங்க வாப்பா சீட்டுக்கட்டைக் கண்டா வீட்டையே கழுவி விடச் சொல்லுவாரு" என்றாய். ஆனாலும் அடுத்த வாரமே கட்டு வந்துவிட்டது. உன் தம்பியின் கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ்களை ஸ்கேல் வைத்து ஒரே அளவில் வெட்டி, வெற்றுப் பக்கத்தில் ஸ்பேடும் ஆட்டினும் வரைந்து எடுத்து வந்திருந்தாய். பின்பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அழைப்பிதழாம். பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் ஆசிரியர் அறை முழுக்கக் கல்யாண வீட்டு மணம்.

வகுப்புக்காகச் செய்த கட்டு நம் மதியச் சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர்ந்தது. போக்கர் என்ற ஆட்டத்தை நீ புத்தகத்தில் படித்தே கற்றுக்கொண்டாய். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, மேஜை மேல் ஐந்து சீட்டு ஒவ்வொரு தவணையாகத் திறந்து. ஒவ்வொரு தவணைக்கும் பந்தயம் உண்டு. நமக்குப் பந்தயம் புளியங்கொட்டை, நம் ஊர்ப் பேச்சில் புளியமுத்து. "காசு இல்லாட்டி இது வெறும் கணக்குதான், புளியமுத்துக்கு என்ன ஹராம்?" என்று நீயே உனக்குத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டாய். ரம்மி வேண்டாமா என்று கேட்டேன். "ரம்மியில சீட்டை மட்டும் எண்ணுனா போதும். இதுல எதிர உக்காந்திருக்க ஆளையும் எண்ணணும்" என்றாய்.

ஒருநாள் உன் கையில் இரண்டு டைமண்ட், மேஜையில் இரண்டு டைமண்ட். இன்னும் ஒரு டைமண்ட் வந்தால் ஐந்தும் ஒரே இனம், ஆட்டம் உனக்கு. கடைசிச் சீட்டு மட்டும் பாக்கி. நான் மூன்று முத்தைத் தள்ளினேன். அதோடு சேர்த்து நடுவில் பன்னிரண்டு முத்து. நீயும் மூன்று போட்டால்தான் கடைசிச் சீட்டைப் பார்க்கலாம். பதினைந்துக்கு மூன்று. ஐந்தில் ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். கண்ணில் படாத சீட்டு நாற்பத்தாறு, அதில் டைமண்ட் ஒன்பது. ஐந்தில் ஒன்றுக்கு இம்மி குறைகிறது. நீ சீட்டைக் கவிழ்த்துவிட்டாய்.

"மூணு புளியமுத்துட்டி! போட்டுப் பாரேன்."

"கூடாது. கணக்கு வேண்டாம்னு சொல்லுது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பொய்ப் பந்தயமும் நீ ஒருநாளும் வைத்ததில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது ஏதோ இருப்பதுபோல் காட்ட உன் முகத்துக்கு வராது. நான் வாரத்துக்கு நாலு தடவை பொய்யாய்ப் பந்தயம் வைப்பேன். ஒவ்வொரு தடவையும் பிடித்துவிடுவாய்.

வகுப்பில் நீ நடத்திய புதிர் ஒன்றை இன்றும் பழைய மாணவிகள் சொல்கிறார்கள். இரண்டு சீட்டைக் கையில் மறைத்து வைத்துக்கொள்வாய். 'இரண்டில் ஒன்றாவது சிவப்பா?' என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லி, 'ஆமா' என்பாய். இரண்டும் சிவப்பாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பிறகு கை தவறியதுபோல் ஒரு சீட்டைக் கீழே போடுவாய். அது சிவப்பு. இப்போது மற்றதும் சிவப்பாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி. "ரெண்டு தடவையும் ஒரு சிவப்பு இருக்குன்னுதானே மிஸ் தெரிஞ்சுது?" என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நீ விடமாட்டாய். "எப்படித் தெரிஞ்சுது? கேட்டுத் தெரிஞ்சுதா, தானா விழுந்து தெரிஞ்சுதா? அதையும் கணக்குல சேருங்க." அதனால் உனக்கு 'எப்படித் தெரிஞ்சுது மிஸ்' என்றே பேர் வைத்தார்கள். எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இல்லையே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பங்குனி மாத மதியத்தைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது. நான் சொதி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ டப்பாவைத் திறக்கவில்லை, சீட்டையும் எடுக்கவில்லை. நோன்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பவள். அன்று புதன்கிழமை.

"ஏட்டி, ஒரு கணக்கு சொல்லுதேன், போடுதியா?"

"சொல்லு."

"ஆயிரம் பொம்பளைய. அதுல பத்துப் பேருக்கு ஒரு நோவு இருக்கு. ஒரு சோதனை இருக்கு. நோவு உள்ளவள்ல பத்துக்கு ஒம்பது பேரைப் பிடிச்சிரும். இல்லாதவள்லயும் பத்துக்கு ஒருத்தியைத் தப்பாப் பிடிக்கும். இப்ப ஒருத்திக்கு இருக்குன்னு வந்திட்டு. நெசமாவே அவளுக்கு இருக்க வாய்ப்பு என்ன?"

எச்சில் கையோடு இடது கையால் ஒரு துண்டுத்தாளை இழுத்துப் போட்டேன். நோவு உள்ள பத்தில் ஒன்பது. இல்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் தொண்ணூற்றொன்பது. மொத்தம் நூற்றெட்டுப் பேருக்கு இருக்கிறது என்று வரும், அதில் ஒன்பது பேருக்குத்தான் நிஜம்.

"பன்னெண்டுல ஒண்ணுட்டி! சோதனை இருக்குன்னு சொன்னாக்கூட பதினோரு பங்கு இல்லதான். நல்ல கணக்கு. பரிச்சைக்கு வைப்போமா?"

"நெசமாத்தானா?"

"கணக்கு பொய் சொல்லுமா?"

நீ அந்தத் துண்டுத்தாளை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாய். "வாரேன்" என்று வகுப்புக்குப் போனாய். நான் கை கழுவப் போனேன், மனசெல்லாம் சந்தோஷம். உன்னைவிட வேகமாக ஒரு கணக்கைப் போட்டுவிட்டேன் என்ற சந்தோஷம். என்ன கருமம்.

ஐப்பசியில் நீ நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாய். அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். மார்பில் கட்டி. அக்குள் வரைக்கும் பரவிவிட்டதாம். ஏழு மாதம் எங்கே போனீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். உன் வீட்டுக்கு வந்தேன். தலையில் முக்காடு போட்டு, ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பாடத்திட்டம் மாறுகிறதா என்று கேட்டாய். அடுத்த வருஷம் மாறுகிறது என்றேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு ஒரு கணக்கு கேட்டியே. அது உனக்கா?"

"விடுட்டி. நீ சரியாத்தான் போட்ட."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பஸ் ஏறி ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் அந்த ஆறுதல் எனக்கு இருந்தது.

நீ போன பிறகு உன் தங்கச்சி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "லாத்தா உங்ககிட்ட சேத்திரச் சொன்னா" என்றாள். சீட்டுகளுக்கு மேலே அந்தத் துண்டுத்தாள், நான்கு மடிப்பும் இற்றுப்போய். "உம்மா ஆஸ்பத்திரிக்குப் போவோம் வான்னு அழும்போதெல்லாம் லாத்தா இதைத்தான் எடுத்துக் காட்டுவா. பன்னெண்டுல ஒண்ணுதான் உம்மா, கணக்கு டீச்சரே போட்டுத் தந்திருக்கான்னு சொல்லுவா." அந்தப் பிள்ளை என்னைக் குற்றம் சொல்லவில்லை. தாளில் இருப்பது என் எழுத்து என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அந்தக் கணக்கு எல்லாப் பெண்களையும் சேர்த்த ஆயிரத்துக்குப் போட்டது. நீயோ கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு சோதனைக்குப் போனவள், அதையும் உன் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப் போகிற ஆயிரம் பேரில் பாதிப் பேருக்கு நோவு என்று வைத்தால் நிஜமாக நானூற்றைம்பதும் தப்பாக ஐம்பதும் வரும். பத்தில் ஒன்பது. சோதனைக்குப் போனது ஏன், எப்படித் தெரிஞ்சுது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், விடை தலைகீழாக மாறியிருக்கும். இதை முதல் வருஷப் பிள்ளைகளுக்கே நடத்தியவள் நீ.

அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டில் ஒன்று என்பது தப்பு என்று நான் தாளை இழுக்கும் முன்பே உனக்குத் தெரியும். பிறகு ஏன் என்னிடம் கேட்டாய்? 'யாருக்குட்டி?' என்று நான் கேட்க வேண்டும் என்றா? இல்லை, பயத்தை மூடி வைக்க இன்னொருத்தி கையால் எழுதிய ஒரு தாள் வேண்டியிருந்ததா? இரண்டில் எது என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். பாதிக்குப் பாதி என்பதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. ஒருநாளும் பொய்ப் பந்தயம் வைக்காதவள் அன்று வைத்தாய், எதிரே உட்கார்ந்திருந்த நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்னை நான் மன்னிக்கப் போவதில்லை. நீ மன்னித்துவிட்டாய் என்பதாலும் என் குற்றம் குறையவில்லை.

டப்பாவில் ஐம்பத்தொரு சீட்டுதான் இருந்தது. இன்று க்ளாவர் ஏழையும் வைத்து எண்ணினேன். கட்டு நிறைந்துவிட்டது. விளையாட ஆள் இல்லை.

நிகழ்தகவுப் பாடம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருத்தியாவது அந்தச் சோதனைக் கணக்கை எங்கிருந்தாவது எடுத்துவந்து, "மிஸ், இதைப் போட்டுக் காட்டுங்க" என்று நிற்பாள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். எனக்கும் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது, 'யாருக்கு மிஸ்'. போன வாரமும் ஒருத்தி வந்தாள். கேட்டேன். அவள் திகைத்துப்போய்ப் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்கும் இல்ல மிஸ். சும்மா கணக்குதான்."

சரி என்று சாக்பீஸை எடுத்துப் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டில் ஒன்று வந்தது.