சேலை துணியா, உடுப்பா

ஜூலை 14, திங்கள்

அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "விஷ்ணு ரேடியோவுல பேசினா, கேட்டியா? வெளிநாட்டு உடுப்புக்கு வரிய ஏத்த சட்டம் கொண்டு வர்றாங்களாம். இனிமே நம்ம கடைக்குத்தான் கூட்டம்."

நம்ம கடை! கடை விஷ்ணுப்ரியாவுடையது. அம்மா அங்கே கொக்கி தைக்கிறாள், ஓரம் மடித்து அடிக்கிறாள். விஷ்ணுவும் நானும் கிள்ளானில் ஒரே வகுப்பு. அவள் பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சை முடித்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜெண்ட் ஆபீஸில் கஸ்டம்ஸ் படிவங்களை நிரப்புகிறேன். என்னை எந்த ரேடியோவும் கூப்பிடாது. கூப்பிட்டாலும் போகமாட்டேன் — அது வேறு விஷயம்.

ஜூலை 17

விஷ்ணுவிடம் புதுக் கைப்பை. அந்த நிறம் அவளுக்கு எடுக்கவில்லை. (எடுக்கிறது.)

ஜூலை 22, செவ்வாய்

அந்த வரி மசோதாவின் வரைவு ஆபீஸுக்கு வந்தது. "வாணி, நீ படிச்சிட்டு சொல்லு லா, எனக்குக் கண்ணு வலிக்குது" என்று பாஸ் திருச்செல்வம் என் பக்கம் தள்ளிவிட்டார். படித்தேன்.

வரி ஏறப்போகும் உடுப்புகளில் சட்டை, கவுன், குர்தா. அவற்றோடு சேலையும்.

விஷ்ணு தைப்பது பிள்ளைகளுக்கான பட்டுப் பாவாடை. இந்தியாவிலிருந்து சேலைகளை மொத்தமாக இறக்கி, வெட்டித்தான் தைக்கிறாள். கரை பாவாடைக்கு, முந்தானை சட்டைக்கு. அவளுக்குச் சேலை என்றால் துணி. இங்கே எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். வெளிநாட்டு உடுப்பு என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குவது. ஆனால் சட்டம் எழுதியவருக்குச் சேலையும் முடிந்த உடுப்புதான்.

அவள் ஆசைப்படும் வரி அவள் தலையிலேயே விழும்.

படித்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை. என்ன வந்தது என்று எழுத வேண்டாம்.

ஜூலை 27, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் தையல்காரர்கள் கூட்டம். அம்மாவுக்குத் துணையாகப் போனேன். விஷ்ணு மசோதாவை ஆதரித்துப் பேசினாள். மைக்கை என்னமோ கத்தரிக்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு, "இங்க தைச்சாத்தான் இங்க உள்ளவன் சாப்பிடுவான்!" ஒரே கைத்தட்டல். ஓர் ஆன்டி விசிலே அடித்தார். அடுத்த மாதம் ஷா ஆலமில் அதிகாரிகள் கருத்துக் கேட்கிறார்கள். எல்லோருக்காகவும் அவள்தான் பேசப்போகிறாள்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள். "ஏய் டிகிரி! அங்க பேசுறத மலாய்ல எழுதிக் குடுடி. என் மலாயெல்லாம் பாசார்ல மீன் வாங்கத்தான் ஆகும்."

"வேலை இருக்கு" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அம்மா அவள் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். என் தோளை அம்மா கடைசியாக எப்போது தொட்டாள்?



ஜூலை 28

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

இன்றும் இல்லை. மசோதாவை அவளே வாங்கிப் படிக்கட்டுமே.

ஆகஸ்ட் 6, புதன்

வரி வரும் தைரியத்தில் விஷ்ணு செராஸில் இன்னொரு கடை எடுக்கப்போகிறாள். அங்கே அம்மாதான் மேற்பார்வையாம். "எனக்குன்னு ஒரு நாற்காலி போடுறாளாம்டி. சுத்துற நாற்காலி!" உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிக் காட்டினாள். இத்தனை வருஷம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தவள்.

நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?

ஆகஸ்ட் 7

ஆபீஸ் விட்டதும் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். விஷ்ணு ஒரு சேலையை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள், வாயில் குண்டூசிகள். கத்தரி நின்றது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"சேலை எப்படிடி உடுப்பாகும்? வெட்டித் தைச்சாத்தானே உடுப்பு?"

"கோயிலுக்குக் கட்டிட்டுப் போறியே, அது என்ன?"

விரித்திருந்த சேலையைப் பார்த்தாள். அப்புறம் என்னை. "உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் தயாராக இருந்தது. வாயில் வரவில்லை. "ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா." கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை. ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். மூலையில் அம்மா தலையே நிமிரவில்லை.

ஆகஸ்ட் 13

செராஸ் கடை வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். இதுகூட விஷ்ணுவிடம் தைக்கக் கொடுக்கும் ஆபீஸ் அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரியும். அம்மா எனக்குச் சோறு எடுத்து வைப்பதோடு சரி, பேச்சில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விஷ்ணு போன் செய்தாள். "ரெடிமேடுக்கு வரி போடு, சேலைய மட்டும் விடுன்னு கேக்கணும். அவங்க திருப்பிக் கேட்டா எனக்குச் சட்டம் தெரியாது. நீயே வந்து பேசு."

"எனக்குப் பேச வராது விஷ்ணு."

"ரெண்டு வாரம் பேசாம இருந்தல்ல? போதும் லா."

ஆகஸ்ட் 20, புதன்

ஷா ஆலம். காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் பேசி முடித்தேன். ஓர் அதிகாரி மட்டும் சேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். மாற்றுவார்களா, தெரியாது.

பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்த அம்மா வீட்டுக்கு வந்ததும், "நல்லாருந்துச்சு" என்றாள். பேச்சைச் சொன்னாளா, சட்டையைச் சொன்னாளா, கேட்கவில்லை.

சட்டை விஷ்ணு தைத்தது. உள்ளே போவதற்கு முன் ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "ஆபீஸ் சட்டையோட வந்து நிக்கிற, மானம் போகுது. மாத்திட்டு வா." ஏதோ சேலையின் முந்தானை. கழிவறையில் போட்டுப் பார்த்தேன். கழுத்து, கை நீளம், மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும் என் இடது தோள் உட்பட, எல்லாம் கச்சிதம்.

அவள் என்னை ஒருநாளும் அளவெடுத்ததில்லை.

இத்தனை வருஷமும் நான் மட்டும்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.