மாமா சொல்லிவிட்டுப் போன விலை

மாமா எழுந்துபோய் வெகுநேரமாகிவிட்டது. அவருடைய ஜவ்வாது வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். ஆனால் அது உன்னுடைய நாற்காலி.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன்னிடம் எதுவும் சொன்னதில்லை. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சிநேகிதிகள் நாம் இரண்டு பேரும் தொழில் தொடங்கிய இடம் நினைவிருக்கிறதா? வேலம்பாளையத்தில், மாமாவின் பனியன் கம்பெனிக்கு மேலே இருந்த தகர அறை. உன் கம்மலை விற்று வாங்கிய பழைய கம்ப்யூட்டர். இங்கிலீஷ் தெரியாத சின்ன முதலாளிகளுக்கு வெளிநாட்டு மெயிலைப் படித்துச் சொல்வதும், அவர்கள் பெயரில் பதில் எழுதுவதும் நம் வேலை. இதற்கு வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று பெயர் இருப்பதாக ஒரு வெள்ளைக்காரர் எழுதியபோது விழுந்து விழுந்து சிரித்தாய். போன் லைன்கூட மாமாவுடையதுதான். கீழே அவர் ரிசீவரை எடுத்தால் மேலே நம் இணைப்பு அறுந்துவிடும். பாதி மெயிலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாய்.

அதே மேசையில்தான் எதிர்க் கம்பெனிக்காரரின் மெயிலையும் எழுதினோம். இரண்டு பேரும் ஒரே ஆர்டருக்கு விலை சொன்னார்கள். அதில்தான் வந்தது வினை.

அன்று மாமா மேலே ஏறிவந்து எதிர்க் கம்பெனியின் விலையைக் கேட்டார். இடம் கொடுத்தவர், லைன் கொடுத்தவர், கேட்டால் சொல்லிவிடுவோம் என்ற நினைப்பு. நீ எழுந்துகூட நிற்கவில்லை.

“அடுத்தவுக ரேட்ட எங்கிட்ட கேக்காதிய அண்ணாச்சி. உங்க ரேட்டையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அறைந்தார். நீ வெளியே ஓடப்போய் கதவு நிலையைப் பிடித்தாய். இரும்புக் கதவை உன் கைமேல் அடித்துச் சாத்தினார். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. விரல்கள் ஒடிந்த அந்தச் சத்தத்துக்குப் பிறகு இன்றுவரை நான் முருங்கைக்காயை ஒடித்ததில்லை.

எனக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்காரவைத்துத்தான். தாய்மாமனை எதிர்த்துப் பேசினாலே எங்கள் வீட்டில் முதுகுத்தோல் உரிந்துவிடும். நான் கீபோர்டைப் பிடுங்கி அவர் காதோடு சேர்த்து அடித்தேன். கீபோர்டு உடைந்தது. காது கிழிந்தது. கட்டிங் மாஸ்டர் ஓடிவந்து பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்னும் அடித்திருப்பேன். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. அதற்காக நான் அழவும் இல்லை.

உன் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. கட்டுப் பிரிக்கும் முன்பே பிரவுசிங் சென்டரில் இடது கையால் தட்டிக்கொண்டிருந்தாய். வலிக்கிறதா என்று கேட்டேன். காசு ஓடுகிறது, பேசாமல் மெயிலை வாசி என்று என்னைத்தான் திட்டினாய்.

இன்று அந்த மனிதர், தையல் போட்ட காதோடு, உன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ற மெயிலயும் நீயே பாத்துக்க கண்ணு. இந்த ஊர்ல வேற ஆரையும் நம்ப முடியறதில்ல.”

உன் விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடியாது என்று நான் சொல்வதற்குள், அடுத்த ஆர்டருக்குத் தான் போடப்போகும் விலையையும் சொல்லிவிட்டார். வெளியே போங்க என்றேன். போனார். விலை என்னிடம் தங்கிவிட்டது.

எதிர்க் கம்பெனிக்காரர் இப்போதும் நம்மிடம்தான் மெயில் எழுதி வாங்குகிறார். அதே ஆர்டருக்கு என்ன விலை போட வேண்டும் என்று சற்றுமுன் போனில் சொன்னார். மாமா சொன்னதைவிட அதிகம். கொஞ்சம் குறைத்துப் போடுங்க என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஆர்டர் போனால் மாமா மறுபடி எழுந்திருக்கவே மாட்டார். அவர் விழுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

எதிர்க் கம்பெனிக்காரர் சொன்ன விலையை அப்படியே அடித்து அனுப்பிவிட்டேன்.

மாமாவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மனிதருக்கு இன்னொரு காது மிச்சமிருக்கிறது. ஆனால் உங்கள் விலையையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அன்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள் நீ. விரல் ஒடிந்த பிறகும் அந்த வாக்கை நீ திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.